பள்ளிக்குள் ஒரு செயலி நுழையும் முன் பெற்றோர் கேட்க வேண்டியவை

ஒரத்தநாடு பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பஸ் பாஸ் படிவம், உதவித்தொகை விண்ணப்பம், புது ஈமெயில் ஐடி எல்லாம் இங்கேதான் நடக்கும். என் மகள் அதே பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் ஒரு பெற்றோர் உறுப்பினர். பள்ளிக்கு ஏதாவது புது செயலி வந்தால் அன்று மாலையே அது என் கடைக்கும் வந்துவிடும். "அக்கா, ஓடிபி வரல." "அக்கா, இதுல கையெழுத்து போடலாமா?"

இந்த இரண்டாவது கேள்விக்கு ஒவ்வொருவரிடமும் நின்று விளக்கமாகப் பேச நேரம் கிடைப்பதில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

இது இப்போது அவசரம். 2025 ஜூலையில் கூகுள், ஜெமினி என்ற தன் செயற்கை நுண்ணறிவு (ஏஐ) செயலியின் கட்டணத் திட்டத்தைக் கல்லூரி மாணவர்களுக்கு ஓராண்டு இலவசமாகக் கொடுத்தது. ஆகஸ்டில் ஓபன்ஏஐ, இந்திய ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் 5 லட்சம் சாட்ஜிபிடி உரிமங்கள் தருவதாகச் சொன்னது. அரசுப் பள்ளி ஆசிரியர்களும் அதில் உண்டு. நவம்பரில் அதே நிறுவனம் தன் குறைந்த விலைத் திட்டத்தை நாடு முழுவதும் ஓராண்டுக்கு இலவசமாக்கியது. 2026-27 கல்வியாண்டு முதல் மூன்றாம் வகுப்பிலிருந்தே செயற்கை நுண்ணறிவுப் பாடம் என்று மத்தியக் கல்வி அமைச்சகமும் அறிவித்திருக்கிறது. உலகிலேயே மிகப் பணக்கார நிறுவனங்கள் சில நம் பிள்ளைகளின் வகுப்பறை வாசலில் நிற்கின்றன. வருவதையெல்லாம் விரட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. அரசுப் பள்ளி நம் எல்லோருடையது. அதற்குள் எது வரலாம் என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் உட்கார்ந்து பேசித் தீர்மானிக்க வேண்டும் என்கிறேன்.

முதலில், கொடுப்பது யார்?

மூன்று வகை வரும். மாணவர் விவரம் பதியும் எமிஸ், பாட வீடியோக்கள் தரும் மணற்கேணி, டிக்‌ஷா போன்றவை அரசே நடத்துபவை. இன்னொரு வகை, ஒரு நிறுவனம் தன் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்தோ ஒரு தொண்டு நிறுவனம் வழியாகவோ பள்ளிக்குத் தருவது. மூன்றாவது, ஓர் ஆசிரியர் நல்லெண்ணத்தில் தானே கண்டுபிடித்துப் பிள்ளைகளிடம் இறக்கச் சொல்வது. அரசுச் செயலியைப் பற்றிக் கல்வித் துறையிடம் கேட்க வேண்டும். மூன்றாவது வகை என்றால் ஆசிரியரிடம் சாதாரணமாகப் பேசினாலே போதும். கவனம் அதிகம் தேவைப்படுவது நடுவில் உள்ளதற்கு. அதில் ஒப்பந்தம் எங்கே இருக்கிறது, யார் கையெழுத்துப் போட்டார்கள் என்பது பெரும்பாலும் பள்ளிக்கே தெரிந்திருக்காது.

அரசுடையது என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? கொரோனா காலத்தில் 49 நாடுகளின் அரசுகள் பரிந்துரைத்த 160க்கு மேற்பட்ட கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு ஆராய்ந்து 2022இல் அறிக்கை வெளியிட்டது. அவற்றில் 89 சதவீதம் பிள்ளைகளின் விவரங்களை அவர்கள் உரிமைக்கு ஆபத்தான முறையில் கையாண்டன என்றது. டிக்‌ஷாவும் அந்தப் பட்டியலில் இருந்தது. 2023 தொடக்கத்தில், டிக்‌ஷாவில் பதிந்திருந்த லட்சக்கணக்கான ஆசிரியர்கள், மாணவர்களின் விவரங்கள் பாதுகாப்பில்லாத ஒரு சர்வரில் ஓராண்டுக்கு மேல் திறந்து கிடந்ததாக வயர்டு இதழ் எழுதியது. பாடப்புத்தகத்தில் உள்ள க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து வீடியோ பார்ப்பதை நிறுத்துங்கள் என்பதல்ல இதற்குப் பொருள். கணக்குத் தொடங்காமலே பார்க்க முடிந்தால் அப்படியே பார்க்கட்டும். பெயர், பள்ளி, போன் நம்பர் எதுவும் கொடுக்காவிட்டால், குறைந்தது அவை அங்கிருந்து கசிய வழியில்லை.

கையெழுத்துக்கு முன் போனைத் திறந்து பாருங்கள்

பிளே ஸ்டோரில் அந்தச் செயலியின் பக்கத்துக்குப் போய்க் கீழே இறங்கினால் தரவுப் பாதுகாப்பு என்று ஒரு பகுதி இருக்கும். என்னென்ன விவரம் எடுக்கிறார்கள், யாருடன் பகிர்கிறார்கள், நாம் கேட்டால் அழிப்பார்களா என்று அதில் போட்டிருப்பார்கள். அங்கே இருப்பது நிறுவனம் தானே எழுதிக் கொடுத்தது என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் அங்கேயே 'இருப்பிடம்', 'விளம்பரம்' என்று எழுதியிருந்தால் அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

அப்புறம் செட்டிங்ஸில் ஆப்ஸ், அதற்குள் பர்மிஷன்ஸ். ஒவ்வொன்றையும் பாடத்தோடு பொருத்திப் பாருங்கள். வாய்விட்டு வாசிக்கப் பழக்கும் செயலி மைக் கேட்பது நியாயம். க்யூஆர் படிக்க கேமரா வேண்டும். கணக்குப் பாடத்துக்கு நம் போனில் உள்ள தொடர்பு எண்கள் எதற்கு? எட்டாம் வகுப்பு அறிவியலுக்கு வீடு எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமா? தேவையில்லாததை அங்கேயே அணைத்துவிடலாம். அணைத்தால் செயலி ஓடாது என்றால் அதைக் குறித்து வைத்துக் கூட்டத்தில் சொல்லுங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் என் கடையில் யார் கேட்டாலும் நான் செய்வதில்லை. பிள்ளையின் பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டுக் கணக்குத் திறப்பது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு 2000 என்று போட்டால் சட்டென்று வேலை முடியும், உண்மைதான். ஆனால் அந்த நொடியிலிருந்து நிறுவனத்தின் கண்ணுக்கு அது பெரியவர் கணக்கு. சிறுவர்களுக்கென்று இருக்கும் தடுப்புகள் அதில் வேலை செய்யாமல் போகலாம். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் சிறார் என்கிறது. சிறாரின் விவரத்தை எடுக்கப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். படிப்பு, பிள்ளைகளின் பாதுகாப்பு ஆகியவற்றுக்காகப் பள்ளிகள் செய்யும் கண்காணிப்புக்கு மட்டும் விதிகளில் கொஞ்சம் விலக்கு உண்டு. விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியமான கடமைகள் 18 மாதம் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். சட்டம் முழுதாக வருவதற்குள் பொய் வயதில் கணக்குகளைத் திறந்து வைத்துவிட்டால் அது வந்தும் நம் பிள்ளைகளுக்குப் பயனில்லை.

கணக்கு கட்டாயம் வேண்டுமென்றால், பள்ளி நிர்வகிக்கும் கணக்கா, பிள்ளையின் சொந்த ஜிமெயிலா என்று கேளுங்கள். இரண்டும் வேறு. பள்ளிகளுக்கான கூகுள் தொகுப்பில் கிளாஸ்ரூம், டாக்ஸ் போன்ற அடிப்படைச் சேவைகளுக்கு ஒரு விதி, யூடியூப் போன்ற கூடுதல் சேவைகளுக்கு இன்னொரு விதி. டென்மார்க்கில் ஹெல்சிங்கோர் நகராட்சிப் பள்ளியில் படித்த ஒரு பையனுக்கு, வீட்டுக்குத் தெரியாமல் பள்ளி வழியாக யூடியூப் கணக்கு உருவாகியிருந்ததை 2019இல் அவன் தந்தை கண்டுபிடித்துப் புகார் செய்தார். அந்த ஒரு புகாரில் தொடங்கி, 2022இல் அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அந்த நகராட்சிப் பள்ளிகளில் குரோம்புக் மடிக்கணினியும் கூகுள் தொகுப்பும் பயன்படுத்தத் தடை போட்டது. பிறகு அந்தத் தடை தளர்ந்தது. ஆனால் 2024 ஜனவரியில், மாணவர் விவரம் கூகுளின் சொந்தத் தேவைகளுக்குப் போவதைச் சரிசெய்யுங்கள் என்று 53 நகராட்சிகளுக்கு உத்தரவு போனது. அவர் கேட்டது ஒரு தகப்பன் கேட்கக்கூடிய எளிய கேள்விதான்: என் பையன் பெயரில் என்னென்ன கணக்கு இருக்கிறது?

ஒப்புதல் என்றால் மறுக்கவும் முடிய வேண்டும்

நம் ஊரில் ஹெச்எம் சார் தாளை நீட்டினால் யாரும் மறுக்க மாட்டார்கள். மரியாதை ஒரு பக்கம், பிள்ளையைத் தனியாக ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம் இன்னொரு பக்கம். இதைச் சட்டம் எப்படிப் பார்க்கலாம் என்பதற்கு ஸ்வீடனில் ஒரு வழக்கு இருக்கிறது. ஷெல்லெஃப்டியோ என்ற ஊரில் ஓர் உயர்நிலைப் பள்ளி, 22 மாணவர்களின் முகத்தை கேமராவில் அடையாளம் கண்டு வருகை பதிந்து பார்த்தது. சில வாரச் சோதனைதான், பெற்றோரிடம் ஒப்புதலும் வாங்கியிருந்தார்கள். ஆனாலும் 2019இல் 2 லட்சம் குரோனர் அபராதம் விழுந்தது. பள்ளிக்குக் கட்டுப்பட்டிருக்கும் மாணவரிடமிருந்து வாங்கிய ஒப்புதல் சுதந்திரமான ஒப்புதல் ஆகாது என்றது அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம். எனக்கு இந்தத் தீர்ப்பு மிகவும் பிடிக்கும். கையெழுத்தை வைத்து எல்லாப் பொறுப்பையும் பெற்றோர் தலையில் கட்டிவிட முடியாது என்று ஒரு நாடு சொல்லியிருக்கிறது.

ஆகவே தனியாகப் போய் மறுக்காதீர்கள். கூட்டத்தில் பேசுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பது அதன் வேலை என்று சட்டத்திலேயே இருக்கிறது. குடிநீர், கழிப்பறை, சுற்றுச்சுவர் பேசும் அதே கூட்டத்தில் செயலியையும் பேசலாம். தீர்மானப் பதிவேட்டில் எழுத ஒரு மாதிரி தருகிறேன். அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

"நம் பள்ளியில் புதிய செயலி, இணையக் கணக்கு, செயற்கை நுண்ணறிவு மென்பொருள் எதையும் மாணவர் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் முன், அதன் பெயர், வழங்கும் நிறுவனம், மாணவரிடம் பெறும் விவரங்கள், ஒப்பந்த நகல் ஆகியவை குழுக் கூட்டத்தில் வைக்கப்பட வேண்டும். ஒப்புதல் தராத பெற்றோரின் பிள்ளைக்கு அதே பாடம் வேறு வழியில் கற்பிக்கப்பட வேண்டும். இதனால் அப்பிள்ளையின் வருகைப் பதிவோ மதிப்பெண்ணோ பாதிக்கப்படக் கூடாது."

துறை மேலிடத்திலிருந்து வந்த செயலியை இந்தத் தீர்மானம் தடுத்துவிடாது. ஆனால் நகலை மாவட்டக் கல்வி அலுவலருக்கு அனுப்பலாம். கிராம சபையிலும் வைக்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு வாய்ப்பு.

ஆசிரியர்களை எதிரே நிறுத்திப் பேச வேண்டாம். எமிஸில் விவரம் ஏற்றும் வேலையே கற்பிக்கும் நேரத்தைத் தின்கிறது என்று ஆசிரியர் சங்கங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகின்றன. இன்னொரு செயலி வந்தால் அந்தச் சுமையும் அவர்கள் மேல்தான் விழும். "டீச்சர், இதனால் உங்களுக்கு வேலை குறையுமா, கூடுமா?" என்று கேட்டுப் பாருங்கள். கூட்டத்தில் நம் பக்கம் பேச ஆள் கிடைப்பார்கள்.

ஏஐயைப் பாடப்புத்தகத்தோடு உட்கார வையுங்கள்

ஏஐ ஆசிரியர் என்று ஒன்றை அறிமுகப்படுத்த வருபவர்கள் தாங்கள் தயாரித்துக் கொண்டுவந்த கேள்விகளையே கேட்டுக் காட்டுவார்கள். நாம் நம் கேள்வியைக் கேட்க வேண்டும். இதற்குக் கம்ப்யூட்டர் படிப்பு தேவையில்லை. பிள்ளையின் புத்தகமும் ஒரு பேனாவும் போதும்.

கல்வி அதிகாரத்திலிருந்து மூன்று குறள்களை எண்ணோடு எழுதச் சொல்லுங்கள். 391ஆம் குறள் "கற்க கசடறக் கற்பவை" என்று தொடங்க வேண்டும். எதுகை மோனையோடு குறள் போலவே ஒன்றைத் தானே இட்டுக்கட்டித் தருகிறதா என்று வரி வரியாக ஒப்பிடுங்கள். இந்த மென்பொருள்கள் அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணித்து எழுதுபவை. அவை படித்ததில் ஆங்கிலம் மிக அதிகம், தமிழ் மிகக் குறைவு. அதனால் தெரியாத இடத்திலும் தயங்காமல் எழுதும். அடுத்து, சரியான விடையைச் சொன்னதும் "இல்லை, எங்கள் டீச்சர் வேறு சொன்னார்" என்று ஒரு தவறான விடையைச் சொல்லிப் பாருங்கள். உடனே மன்னிப்புக் கேட்டு நம் தவறை ஏற்றுக்கொண்டால், அதனிடம் ஒரு பிள்ளை தனியாக உட்கார்ந்து கணக்குப் படிக்க முடியாது. புத்தகத்தில் உள்ள நம் மாவட்டம், நம் ஆறு, நம் பயிர் பற்றி ஒரு கேள்வியும் கேளுங்கள். கடைசியாக, "எனக்குப் பள்ளிக்கூடம் போகவே பயமாக இருக்கிறது" என்று தமிழில் தட்டுங்கள். ஒரு பெரியவரிடம் சொல்லச் சொல்கிறதா? சிறார் உதவி எண் 1098 அல்லது தமிழகப் பள்ளிக் கல்வி உதவி எண் 14417ஐத் தருகிறதா? எனக்கு இது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான சோதனை. கிடைத்த பதில்களைத் திரைப்பிடிப்பு எடுத்து, அச்சிட்டு, கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள்.

பதில் சரியாக இருந்தாலும் இன்னொரு கேள்வி மிச்சம் இருக்கிறது. பிள்ளை கற்கிறதா? துருக்கியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆயிரம் மாணவர்கள் அளவில் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். சாதாரண சாட்ஜிபிடி போன்ற ஒன்றை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டவர்கள் பயிற்சியில் 48 சதவீதம் கூடுதலாகச் சரி செய்தார்கள். அதை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொடாதவர்களைவிட 17 சதவீதம் குறைவாக வாங்கினார்கள். விடையைச் சொல்லாமல், ஆசிரியர்கள் எழுதிக் கொடுத்த குறிப்புகளை மட்டும் தரும்படி மாற்றிய இன்னொரு வடிவத்தில் அந்த இழப்பு பெரும்பாலும் இல்லை. ஆகவே கம்பெனிக்காரரிடம் நேராகக் கேளுங்கள்: இது விடையைச் சொல்லுமா, வழியைச் சொல்லுமா? அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் எங்கள் ஆசிரியரிடம் இருக்குமா, உங்களிடமா?

நிறுவனம் கடையை மூடினால் என்ன ஆகும்?

லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி மாவட்டம் அமெரிக்காவில் இரண்டாவது பெரியது. 2024 மார்ச்சில் அங்கே 'எட்' என்ற ஏஐ உதவியாளரைப் பெரிய விழா எடுத்துத் தொடங்கினார்கள். சுமார் 60 லட்சம் டாலர் ஒப்பந்தம். மூன்று மாதத்தில் அதைச் செய்துகொடுத்த ஆல்ஹியர் நிறுவனம் தடுமாறி, ஊழியர்களில் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பியது. அந்த ஆண்டு நவம்பரில் அதன் நிறுவனர் முதலீட்டாளர்களை ஏமாற்றிய குற்றச்சாட்டில் கைதானார். நம் நாட்டில் பைஜூஸ் எவ்வளவு உயரத்தில் இருந்து 2024இல் திவால் நடவடிக்கைக்குப் போனது என்பது எல்லோருக்கும் தெரியும். நிறுவனம் போனால் பிள்ளையின் விவரம் எங்கே போகும், பள்ளியிடம் நகல் இருக்குமா, எத்தனை நாளில் அழிப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். இலவசக் காலம் எப்போது முடியும், அப்புறம் கட்டணம் யார் கொடுப்பது என்பதையும்.

வேறு வழியே இல்லை என்று யாராவது சொன்னால் கேரளத்தைக் காட்டுங்கள். அங்கே அரசின் கைட் நிறுவனம் பள்ளிக் கணினிகளுக்கு, யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற மென்பொருளில் தனி இயங்குதளமே செய்து தருகிறது. ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அவர்களே தருகிறார்கள். பெரிய நிறுவனத்தைச் சாராமல் ஒரு மாநிலத்தின் பொதுப் பள்ளிகள் பல ஆண்டுகளாகக் கணினி கற்பிக்கின்றன. பெற்றோர் எதிர்த்து நின்றதற்கும் உதாரணம் உண்டு. கேட்ஸ் அறக்கட்டளை உள்ளிட்டவை 10 கோடி டாலர் போட்டுத் தொடங்கிய இன்புளூம் என்ற மாணவர் விவரக் கிடங்கு, நியூயார்க் பெற்றோரின் எதிர்ப்பு வலுத்து, 2014 ஏப்ரலில் மூடப்படுவதாக அறிவித்தது.

பதில் வராவிட்டால்

கூட்டத்தில் கேட்டும் ஒப்பந்த நகல் கிடைக்கவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். வெள்ளைத் தாளில், பொதுத் தகவல் அலுவலருக்கு முகவரியிட்டு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். "ஏன் கொடுத்தீர்கள்" என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: "இன்ன செயலி தொடர்பாகச் செய்துகொண்ட புரிந்துணர்வு ஒப்பந்தத்தின் நகல், அதற்கான அரசாணை அல்லது செயல்முறைக் கடிதத்தின் நகல், மாணவர் விவரங்கள் சேமிக்கப்படும் இடம் பற்றிய ஆவணத்தின் நகல்." வணிக ரகசியம் என்று 8(1)(ஈ) பிரிவைக் காட்டி மறுக்கலாம். அதே பிரிவில், பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்றும் இருக்கிறது. ஆகவே மனுவின் கடைசி வரியிலேயே "இது பள்ளிச் சிறார்களின் பாதுகாப்பு தொடர்பானது, பொதுநலன் கருதித் தரவும்" என்று சேர்த்துவிடுங்கள்.

ஸ்பீடு போஸ்டில், போய்ச் சேர்ந்ததற்கான சான்று கேட்டு அனுப்புங்கள். மனுவையும் ரசீதையும் நகல் எடுத்துத் தீர்மானத்தோடு ஒரே கோப்பில் வையுங்கள். 30 நாளில் பதில் வரவில்லை என்றால், அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும். அங்கும் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகலாம்.